நான்காம் தொட்டி நலம்

மூடியைத் திறந்தால் புகை வர வேண்டும். வெள்ளை வெளேரென்று, கனமாக, தொட்டியின் விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கி, திறந்தவரின் காலை மூடிவிட்டுத்தான் கலையும். புதிதாக வேலைக்கு வரும் நர்சுகள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அன்று காலை தொட்டிக்காரர் நான்காம் தொட்டியின் மூடியைத் தூக்கினார். ஒரு பெருமூச்சுகூட வெளியே வரவில்லை. மனிதர் கையுறையைக் கழற்றினார். அந்த அறையில் யாரும் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தார்: வெறுங்கையை உள்ளே விட்டார். கை விறைக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டாற்போல் சும்மா இருந்தது.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு திரை. அதில் பச்சை எழுத்தில் 'நான்காம் தொட்டி: நலம்' என்று இருந்தது. நலமாம். இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல மனிதர்களுக்குக்கூட வராது.

அது பிள்ளை இல்லாதவர்கள் வந்துபோகும் மருத்துவமனை. தம்பதிகளின் கருவை வெளியே உண்டாக்கி, திரவ நைட்ரஜன் நிரப்பிய தொட்டியில் உறைய வைத்திருப்பார்கள். பெண்ணின் உடம்பு தயாரானதும் எடுத்து உருக்கி உள்ளே வைப்பார்கள். அந்தத் திரவம் சும்மா இருக்காது, மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால், தொட்டியில் இருப்பதெல்லாம் போச்சு. அவ்வளவுதான் விஷயம், இதில் மந்திரமும் இல்லை தந்திரமும் இல்லை.

திரைக்குப் பின்னால் ஓடும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள், கட்டடத்தின் பின்பக்கம் உடைந்த நாற்காலிகளும் பழைய பிரிண்டர்களும் குவிந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். நர்சுகளுக்கு அவள் கம்ப்யூட்டர் அக்கா. தொட்டிக்காரர் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்று, 'நாலு காஞ்சு கெடக்கு' என்று சொன்னபோது, அவளுக்கு முதலில் தன் நிரல் ஞாபகம் வரவில்லை. நாத்தனாரின் முகம்தான் வந்தது. நாத்தனாரின் கருக்கள் நான்காம் தொட்டியில்தான் இருந்தன.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பது உலகம் அறிந்த சங்கதி, இவர்களும் அதற்கு விலக்கல்ல. இவள் கல்யாணமாகி வந்த புதிதில், 'எங்கண்ணனுக்கு வாய்ச்சது மெஷினோட மட்டும் பேசுற பொண்ணு' என்று நாத்தனார் உறவுக்காரர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவைத்தாள். இவளும் சும்மா இருக்கவில்லை, 'மெஷின் குத்திக்காட்டாது' என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இருவருக்கும் இடையே 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' தவிர வேறு பேச்சில்லை.

பிறகு நாத்தனாருக்குக் கல்யாணமாயிற்று. பிள்ளை மட்டும் ஆகவில்லை. ஒரு நாள் சமையலறையில் தனியாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை நிறுத்தாமலே அழுததை இவள் பார்த்துவிட்டாள். பார்த்தது பார்த்தபடி போயிருக்கலாம். போகவில்லை. 'எங்க இடத்துக்கு வா, நான் கூட இருக்கேன்' என்று தானே கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அன்றிலிருந்து நாத்தனார் ஆளே மாறிப்போனாள். மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் அந்த உடைந்த நாற்காலி அறைக்கு வந்து உட்கார்ந்து கதை பேசுவாள். வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி. முதல் இரண்டு முறை கரு தங்கவில்லை. இன்னொரு தடவை முட்டை எடுத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த கருக்கள்தான் கடைசி. அதற்காகத்தான் அடுத்த வாரம் ஊசி போட ஆரம்பிக்க இருந்தார்கள்.

தொட்டிக்காரர் போனதும் கம்ப்யூட்டர் அக்கா செய்த முதல் காரியம், நிரலைத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டியில் திரவம் எவ்வளவு என்று பார்க்கும் கருவியைப் படிக்கும் கட்டளையைத் தன் கையாலேயே தட்டிப் பார்த்ததுதான். தட்டிய உடனே அது கத்தியது: கருவி செருகியிருக்கும் வாசலைத் திறக்க முடியவில்லை. ஒளிவுமறைவில்லாமல், பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி கத்தியது. இத்தனை வாரங்களாக, கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் இப்படியேதான் கத்தியிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. ஆளில்லாமல் போனதற்குக் காரணம் யார் என்று அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். தொட்டிக்குள் இருக்கும் கருவியை விற்ற கம்பெனி, அதைப் படிக்க ஒரு சின்ன நிரலையும் கூடவே கொடுத்திருந்தது. அதைக் கூப்பிட்டால் 'போதும்' அல்லது 'குறைவு' என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுப் போகும். அந்தச் சொல்லைப் பிடித்துத் திரையில் போட அவள் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் எழுதினாள். பெர்லில் இது தண்ணீர் பட்ட பாடு. வெளியே உள்ள கட்டளையைச் சாய்ந்த மேற்கோள் குறி இரண்டுக்கு நடுவே போட்டால் போதும், அது ஓடி முடித்துச் சொன்னதையெல்லாம் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும்.

எல்லாம் என்பது பேச்சுக்கு. எந்தக் கட்டளைக்கும் இரண்டு வாய் உண்டு. பதில் சொல்ல ஒன்று, புலம்ப ஒன்று. சாய்ந்த குறி பிடிப்பது பதில் சொல்லும் வாயை மட்டும். புலம்பல் அதன் கையில் சிக்காமல் நேரே திரையில் போய் விழும். அது போக, காரியம் முடிந்ததா முடியவில்லையா என்பதற்கு அடையாளமாகக் கட்டளை ஓர் எண்ணையும் விட்டுவிட்டுப் போகும். விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம். பெர்ல் படித்த யாருக்கும் இதெல்லாம் பாலபாடம். கம்ப்யூட்டர் அக்காவுக்கும் தெரியும், நன்றாகவே தெரியும்.

அந்த இடத்து மேனேஜருக்கு உஷ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஆஸ்பத்திரி என்றால் அமைதி வேண்டும் என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டே திரிவார், அதனால் நர்சுகள் வைத்தது. தொட்டி அறைக்குக் கண்ணாடிச் சுவர் போட்டது அவர் யோசனை. வரும் தம்பதிகளை அங்கே நிறுத்தி, 'பாருங்க, உங்க குழந்தைங்க எவ்வளவு பத்திரமா தூங்குறாங்க' என்பார். ஒரு நாள் அப்படி நின்ற ஒரு பெண், திரையின் அடியில் வந்து விழுந்த 'கருவி பதில் தரவில்லை, மறுபடி முயல்கிறேன்' என்ற வரியைப் பார்த்துவிட்டு, அது என்னவென்று கேட்டாள். கருவி சமயத்தில் ஒரு நொடி தூங்கும், மறுநொடி விழித்துக்கொள்ளும், ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் உஷ்ஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. நேரே பின்னறைக்கு வந்தார். அந்த வரியெல்லாம் திரையில் வரவே கூடாது, நாளைக்குப் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்.

புலம்பலையும் பிடித்து, நல்லது கெட்டது பிரித்து, தேவையானதை மட்டும் காட்டலாம், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு எடுத்துடுங்க. ஒழுங்கா அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார் உஷ்.

அப்புறம் என்ற நாள் எந்தக் காலண்டரில் இருக்கிறது? அவளும் அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் அடியில்லாத ஒரு குழி உண்டு. அதில் கொட்டியது கொட்டியதுதான், தேடினாலும் கிடைக்காது. புலம்பலை எல்லாம் அந்தக் குழிக்குத் திருப்பிவிடும் சின்னத் துணுக்கைக் கட்டளை வரியின் கடைசியில் ஒட்டினாள். திரை துடைத்துவிட்டது போலாயிற்று. உஷ் பாராட்டினார். அவளுக்கும் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போக முடிந்தது.

இதோடு நின்றிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். நிரல் பிடித்து வந்த பதிலில் 'குறைவு' என்ற சொல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருந்தால் சிவப்பு, நைட்ரஜன் கொண்டுவரச் சொல்லி ஆள் போகும். இல்லாவிட்டால் பச்சை, நலம். கெட்ட சொல் வந்ததா என்று தேடினாளே ஒழிய, நல்ல சொல் வந்ததா என்று தேடவில்லை. ஒன்றுமே வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பற்றி யார் அவ்வளவு யோசிக்கிறார்கள்? பிறகு ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தார்கள். நான்காம் தொட்டியின் கருவி செருகியிருந்த வாசலுக்குப் பெயர் மாறிப்போனது. கட்டளை பழைய பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கத்தியது, கத்தியதெல்லாம் குழிக்குப் போனது. பதில் வாயில் ஒரு சொல்லும் இல்லை. கெட்ட சொல்லும் இல்லை அல்லவா, போடு பச்சை.

பழியை அவள் ஒருத்தி தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. தொட்டிக்கென்று சொந்தமாக ஓர் எச்சரிக்கை மணி இருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் காதைப் பிளக்கிறது என்று அதன் வாயில் பஞ்சு வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். தொட்டிக்காரர் வாராவாரம் ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, எதுவரை உறைபனி படிகிறது என்று பார்ப்பார். திரை வந்த பிறகு, பச்சை இருக்கும்போது குச்சி எதற்கு என்று அதையும் விட்டுவிட்டார். நைட்ரஜன் கொண்டுவருகிறவன் சொன்னால் வருவான், சொல்லாவிட்டால் அவனுக்கென்ன. இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல், இந்த மாதம் நைட்ரஜன் செலவு வெகுவாகக் குறைந்திருக்கிறது, நான்காம் தொட்டி தங்கமான தொட்டி என்று உஷ் கூட்டத்தில் பெருமையடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அன்று மதியமே பெரிய டாக்டரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பெரிய டாக்டர் கோபப்படவில்லை, அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. உறைந்த கருக்களில் சில உருக்கும்போது பிழைக்காமல் போவது உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது என்றார். ஆகவே அறிவிப்பு கிறிவிப்பு என்று ஒன்றும் வேண்டாம். தொட்டியை மறுபடி நிரப்பிவிடுங்கள். யார் யாருக்கு எப்போது முறை வருகிறதோ அப்போது அவரவரிடம், பிழைக்கவில்லை என்று தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லாரும் அழுதால் ஊருக்குக் கேட்கும். ஒவ்வொருவராக அழுதால் அது அவரவர் தலையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு தோட்டத்தையே மறைக்கப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் அக்கா மெல்லச் சொன்னாள்:

"சார், நாலாவதுல என் நாத்தனாரோடதும் இருக்கு. அடுத்த வாரம் ஊசி ஆரம்பிக்கிறாங்க."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நீங்கதான் எல்லாரையும்விட ஜாக்கிரதையா இருக்கணும்மா" என்றார்.

வெளியே வந்ததும் உஷ் அவளைச் சுவரோரம் நிறுத்தி, புலம்பலைக் குழிக்குத் திருப்பியது யார் கை என்று விசாரித்தார். நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்றாள். திரையில் தெரிய வேண்டாம் என்றுதான் சொன்னேன், தூக்கி எறியவா சொன்னேன் என்றார். சொன்னதற்குச் சாட்சி இல்லை. கருவி இத்தனை வாரம் கத்தியதற்கும் சாட்சி இல்லை, கத்தியதையெல்லாம் இவளே குழியில் கொட்டிவிட்டாளே. ஆக, நடந்ததற்கு எங்கேயும் ஒரு வரி ஆதாரம் கிடையாது. நிரலில் இருந்த அந்தத் துணுக்கு ஒன்றுதான் மிச்சம், அது அவள் கையெழுத்து மாதிரி.

தொட்டிக்காரர் மறுநாள் வேலையை விட்டுவிட்டார். போகும்போது பின்னறைக்கு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் குச்சியை விட்டுப் பாக்கல. நீங்க என்னைக் கேக்கல. ரெண்டு பேரும் அந்தப் பச்சையத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்." அவர் போன பிறகு புது ஆள் ஒருவன் நான்காம் தொட்டியை நிரப்பினான். மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று புகை வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒரு தம்பதி அதைப் பார்த்துக் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் நல்லவன், குரலை உயர்த்தத் தெரியாதவன். கேட்டுவிட்டு நகத்தைக் கடித்தான். இப்போது சொன்னால் தங்கை இடிந்துபோவாள் என்றான். சொல்லாவிட்டால் விதி என்று ஆறிப்போவாள் என்றான். சொன்னால் மட்டும் செத்தது பிழைக்கப்போகிறதா என்றான். கடைசியில்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது. அவள் வேலை போய்விடும், வேறு யாரும் வேலை தர மாட்டார்கள், அதோடு அண்ணன் பெண்டாட்டியால்தான் எல்லாம் போயிற்று என்று தங்கை வீட்டார் தலைமுறைக்கும் பேசுவார்கள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

ஆனால் அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் உயிரில்லாத கருவுக்காக வயிற்றில் ஊசியாகக் குத்திக்கொள்வாள். குத்திக்கொண்டு, கடைசியில் தன் உடம்பைத்தான் நொந்துகொள்வாள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அத்தனையும் மிச்சம். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வாய் வரவில்லை. வேலை போகும் என்ற பயம் பாதி. மீதி இன்னும் கேவலமானது: இத்தனை வருஷம் கழித்து ஆசையாய் அண்ணி என்று கூப்பிடுகிறாளே, அது போய்விடுமே என்ற பயம்.

ஊசிகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நாத்தனார் பின்னறைக்கு வருவாள். கால் ஒடிந்த நாற்காலியில் பக்குவமாக உட்காருவாள். ஊசி போட்ட இடம் கன்றிப்போயிருப்பதைக் காட்டுவாள். உடம்பு உப்பிக்கொண்டு வருகிறது, பாவாடை நாடா போதவில்லை என்று சிரிப்பாள். தன் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் தானே தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார், குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்பாள். பேச்சு நடுவில் நிற்கும். அண்ணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணி பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள்.

"அண்ணி, அங்க எல்லாம் சரியாதானே இருக்கு?"

கம்ப்யூட்டர் அக்கா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாள். நாத்தனார் குடிக்கிறேன் என்றாள். குடித்துவிட்டு, பாட்டிலை மூடி மேசையில் வைத்துவிட்டு, நிம்மதியாக எழுந்து போனாள்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. பெரிய டாக்டர் நாத்தனாரையும் அவள் கணவனையும் எதிரே உட்கார வைத்து, தணிந்த குரலில் சொன்னாராம்: உருக்கிப் பார்த்தோம், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, கருவுக்கே தரம் போதவில்லை, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்றால் யார் விடுகிறார்கள்? நாத்தனாரின் மாமியார் அந்தத் 'தரம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முட்டை யாருடையது, இவளுடையதுதானே, டாக்டரே சொல்லிவிட்டார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் மகனும், குடம் தூக்கிய அந்தப் புண்ணியவான், தாயை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கொஞ்ச நாள் உன் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வா என்றான். வா என்று சொன்னானே தவிர, எப்போது என்று சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாத்தனார் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. காலையில் எழுந்து எல்லாருக்கும் முன்னால் வீட்டைப் பெருக்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருமுறை மட்டும், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, 'என் உடம்பே எனக்கு எதிரி அண்ணி' என்றாள், யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல. அண்ணி மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

இதற்கிடையில் அவள் நிரலைத் திருத்தியிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போது அது இரண்டு வாயையும் பிடித்தது, விட்டுச்சென்ற எண்ணையும் பார்த்தது. 'போதும்' என்ற சொல் காதில் விழுந்தால்தான் பச்சை, சத்தமே இல்லாவிட்டால் சிவப்பு. கருவி ஒரு நொடி தூங்கினாலும் திரை சிவந்து, என்ன குறை என்று அடியில் எழுதிக் காட்டியது. இந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்கியது. உஷ் பின்னறைக்கு வந்தார். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றார்.

"பழையபடி பண்ணிடுங்கம்மா. அழகா இருந்துச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மனிதர் முகத்தில் வெட்கமும் இல்லை, வஞ்சகமும் இல்லை. நிஜமாகவே அழகாக இருந்தது என்றுதான் நினைக்கிறார். அந்த இடத்தில்தான் அவளுக்குத் தாங்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கே போகிறீர்கள் என்று அவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அக்கா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. எதிரே உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி காய்ந்தது, திரை பச்சையாகவே இருந்தது, அந்தப் பச்சையை எழுதியது தன் கை, டாக்டர் சொன்னது பொய், உன் முட்டையில் ஒரு குறையும் இல்லை. கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் சொன்னாள். உள்ளறையிலிருந்து வந்த கணவன் நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டான்.

நாத்தனார் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள். நூல் சிக்கிக்கொள்ளாமல் ஒதுக்கினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீ ஊசி போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்."

திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று கம்ப்யூட்டர் அக்கா காத்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. நாத்தனார் அடிக்கவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவளின் குரலாக இருந்தது.

"ஒவ்வொரு ஊசிக்கும் அப்புறம் உங்க ரூமுக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? டாக்டர் எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் பேசுவார், அவர்கிட்ட எதுவும் தெரிஞ்சுக்க முடியாது. உங்க மூஞ்சியப் பாக்கத்தான் வந்தேன் அண்ணி. கெட்டது ஏதாவது இருந்தா நீங்க சொல்லிடுவீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. அதனால நல்லாதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாத்தனார் அண்ணியின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள்.